தட்டிப் பார்க்காத பானை

சந்தைக்கு வருகிறாள் மூதாட்டி ஒருத்தி. குயவர் பரப்பி வைத்திருக்கும் பானைகளிலே ஒன்றை எடுக்கிறாள், திருப்பிப் பார்க்கிறாள், விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறாள். ஓசை சரியில்லையென்றால் கீழே வைத்துவிட்டு அடுத்த பானையை எடுக்கிறாள். உழவர் மாடு வாங்கப் போகிறார். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், முடிந்தால் ஏரிலே பூட்டியும் பார்க்கிறார். சுழி பார்ப்பதிலே மூடத்தனம் இருக்கலாம்; ஆனால், பார்த்தே வாங்கவேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதே, அது மூடத்தனமன்று. கத்தரிக்காய் வாங்குபவர்கூடச் சொத்தை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துத்தான் கூடையிலே போடுகிறார்.

ஓராண்டு உழைக்கும் பானைக்கு இத்துணை ஆராய்ச்சி! ஒரு வேளைக் குழம்புக்கு இத்துணைக் கவனம்! ஆனால் தொட்டிலிலே தொடங்கிச் சுடுகாடுவரை தொடர்ந்து வருவது. யாரை மணக்கலாம், எவர் வீட்டில் உண்ணலாம், எவரைத் தீண்டலாம் என்று ஆணையிடுவது. இறந்தபின் எரிப்பதா புதைப்பதா என்பதையும் தானே முடிவுசெய்வது — அந்த மதத்தைத் தட்டிப் பார்த்தவர் நம்மிலே எத்தனை பேர்?

பள்ளியிலே பிள்ளையைச் சேர்க்கிறார்கள். தலைமையாசிரியர் கேட்கிறார்: "பெயர்?" தந்தை சொல்கிறார். "பிறந்த நாள்?" தந்தை சொல்கிறார். "மதம்?" அதையும் தந்தைதான் சொல்கிறார்! பக்கத்திலே நிற்கும் பிள்ளையோ, வெளியே சுழலும் பம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஐந்தாம் வயதிலே எழுதப்பட்ட அந்த ஒரு சொல், ஐம்பதாம் வயதிலே, "என் உயிரினும் மேலானது" என்று முழங்கப்படுகிறது. அதற்காகக் கத்தி தூக்கப்படுகிறது, ஊர் எரிகிறது. பம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், யாரோ எழுதிய சொல்லுக்காக!

பிறந்த இடம் முகவரியாகலாம், தோழர்களே! முடிவாகுமா?

இந்தக் கேள்வி இறக்குமதிச் சரக்கு என்பர் வைதிகர். மேனாட்டு நூல்களைப் படித்துவிட்டு நாம் பிதற்றுவதாகக் கூறுவர். அவர்களுக்குச் சொல்லுங்கள்: ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, தமிழிலே, ஒரு பெண் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு நகரின் வாயிலிலே போய் நின்றாள். நகரம் வஞ்சி. பெண் மணிமேகலை. பாடியவர் சீத்தலைச் சாத்தனார்.

கணிகையர் குலத்திலே பிறந்தவள் அவள். பாட்டி சித்திராபதி, குலத்தொழில் என்ற பெயரால் அவளை ஆடலரங்கிற்கு இழுக்கிறாள். பிறப்பு விதித்த தொழிலை மறுத்தவள், பிறர் சொல்லும் சமயத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பாளா? அறவண அடிகளிடம் அவளுக்குப் பற்று உண்டு. தாய் மாதவியும் புத்தர் நெறியை நாடியவள்தான். மனம் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த மனத்தோடு அப்படியே அமர்ந்துவிட்டிருக்கலாம். அமரவில்லை! மற்றவர் கூறுவதையும் கேட்டறியப் புறப்பட்டாள்.

வஞ்சியிலே அளவைவாதியைக் காண்கிறாள். சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி ஆகியோரைக் காண்கிறாள். ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று வரிசை நீள்கிறது. பதின்மர்! ஒவ்வொருவரையும் அணுகி, உமது கொள்கை யாது, உரைப்பீர் என்று கேட்கிறாள். அவரவர் நாவாலேயே அவரவர் கொள்கையைச் சொல்லவைக்கிறாள். எதிரியின் கொள்கையை எதிரியின் வாயாலேயே கேட்டறிவது எத்துணை நேர்மை! இன்று நாம் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. இசுலாத்தைப் பற்றி இந்துவிடமும், இந்து மதத்தைப் பற்றிப் பாதிரியாரிடமும், இருவரைப் பற்றியும் வம்பு பேசுவோரிடமும் கேட்டு முடிவு கட்டுகிறோம்!

அதன் பிறகே காஞ்சிக்குச் செல்கிறாள். அங்கே அறவண அடிகள் முதலிலே எதைக் கற்பிக்கிறார்? மந்திரமா? பூசையா? இல்லை! அளவையைக் கற்பிக்கிறார். காட்சி எது, கருதல் எது, உண்மைக் காரணம் எது, காரணம் போலத் தோன்றி ஏமாற்றும் போலி எது என்று பிரித்துக் காட்டுகிறார். நிறுக்கும் தராசை முதலில் கையிலே கொடுக்கிறார். சரக்கை அதன் பிறகே வைக்கிறார். தம் சரக்கையும் அந்தத் தராசிலேயே நிறுக்கலாம் என்ற துணிவு அந்த ஆசானுக்கு இருந்தது. இன்றைய மடாதிபதிகளிலும், மௌல்விகளிலும், பாதிரிமார்களிலும் எத்தனை பேர், "என்னிடம் வருமுன் தருக்கம் கற்று வா" என்று சொல்வர்?

அந்தக் காப்பியத்திலே நெஞ்சைச் சுடும் செய்தி இன்னொன்றும் உண்டு. மணிமேகலை அந்தப் பதின்மரிடம் பெண்ணாகச் செல்லவில்லை. இளம்பெண் என்று எண்ணினால் சமயவாதிகள் தங்கள் பொருளை உரைக்கமாட்டார்கள் என்று தெய்வம் முன்னதாகவே எச்சரித்து, வேற்றுரு எடுக்கும் மந்திரத்தைத் தந்திருந்தது. ஆண் துறவியின் உருவிலே போய்த்தான் கேட்கிறாள்! மந்திரத்தை நாம் நம்பவேண்டியதில்லை; ஆனால் அந்த மந்திரம் ஏன் தேவைப்பட்டது என்பதை மறக்கக்கூடாது. சமயத்தை ஆராயும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு, அன்றைய சமுதாயம் அளித்த விடை அது. இன்றும், அண்ணன் சொன்னபடி கும்பிடு, கணவன் சொன்னபடி விரதமிரு என்று கூறப்படும் நம் தங்கையரை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கேள்வி கேட்க இன்னும் எந்த வேற்றுரு வேண்டுமோ!

காப்பியக் கதை இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிந்த வரலாற்றிலே எவரேனும் இப்படித் தேடியதுண்டா என்று கேட்கலாம். உண்டு. நம் நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, இந்த நாடு பார்க்கத் தேடினார் ஒருவர். டாக்டர் அம்பேத்கர்!

1935 அக்டோபர் 13-ஆம் நாள், நாசிக்கை அடுத்த இயோலாவிலே அவர் அறிவித்தார்: தாம் இந்துவாகப் பிறந்துவிட்டது தம் கையில் இல்லை, ஆனால் இந்துவாகச் சாகப்போவதில்லை. நாடே அதிர்ந்தது. உடனே என்ன நடந்தது? வாருங்கள், வாருங்கள் என்று எல்லா வாயில்களும் திறந்தன. இசுலாமியத் தலைவர்கள் அழைத்தனர்; கிறித்தவர்கள் அழைத்தனர்; சீக்கியர்கள் அழைத்தனர். பல இலட்சம் மக்களை உடன் அழைத்துவரக்கூடிய தலைவர் அல்லவா! அவரோ, அழைத்த வேகத்திலே ஓடிவிடவில்லை. 1936-இல் அமிர்தசரசிலே சீக்கியர் மாநாட்டில் கலந்துகொண்டார்; சீக்கிய நெறியைப் பயிலத் தம் தோழர்கள் சிலரை அங்கே அனுப்பினார். அதே ஆண்டில், இலாகூரிலே நிகழ்த்துவதாயிருந்த தலைமையுரையை, அழைத்தவர்களே அஞ்சி மாநாட்டைக் கைவிட்டபோது, தம் சொந்தச் செலவிலே அச்சிட்டு வெளியிட்டார். சாதியை ஒழிக்க வழி கூறும் அந்த நூல் இன்றும் படிக்கப்படுகிறது. மாநாட்டைக் கைவிட்டவர்களை நினைப்பார் இல்லை.

இயோலாவிலிருந்து நாகபுரிக்கு எத்தனை தொலைவு? இரயிலிலே சென்றால் ஒரு நாளுக்குள் முடியும் பயணம். அம்பேத்கருக்கு 21 ஆண்டுகள் ஆயின! 1956 அக்டோபர் 14 அன்றுதான், தம் துணைவியாரோடு, பெருந்திரளான மக்கள் நடுவே, நாகபுரியிலே புத்த நெறியை ஏற்றார். இதிலே வியப்பு என்னவென்றால், புத்தரின் வரலாற்று நூல் அவர் கைக்கு 1907-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மெட்ரிகுலேசன் தேறிய மாணவனுக்குக் கேலுஸ்கர் என்னும் பெரியவர் அளித்த பரிசு அது. பதினாறு வயதிலே கைக்கு வந்த நூல். அறுபத்தைந்து வயதிலே எடுத்த முடிவு! இடையிலே கடந்தது ஏறத்தாழ அரை நூற்றாண்டு. பிடித்துப்போனது என்பதற்காக அவர் ஏற்கவில்லை. பிடித்ததையும் பிழிந்து பார்த்தே ஏற்றார்.

அந்தத் தேடலிலே தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1898-ஆம் ஆண்டிலேயே அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையிலே சாக்கிய பௌத்த சங்கத்தைக் கண்டார். அவர் காலத்தில் சென்னையில் வாழ்ந்த அறிவியல் பேராசிரியர் இலட்சுமி நரசு, பௌத்தத்தின் சாரத்தைப் பற்றி 1907-இல் ஆங்கிலத்திலே ஒரு நூல் எழுதினார். 1948-இல் அந்நூல் மறுபதிப்பாக வந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர்!

சரி, அவர் எந்த உரைகல்லிலே மதங்களை உரைத்துப் பார்த்தார்? 1950-இல் மகாபோதி இதழிலே எழுதிய கட்டுரையில் அதை வெளிப்படையாகவே வைத்தார். சமுதாயத்திற்கு அறநெறி வேண்டும், அந்த அறத்தைத் தாங்குவதாக மதம் இருக்கவேண்டும் என்றார். அது பகுத்தறிவோடு, அறிவியலோடு ஒத்துப்போக வேண்டும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றையும் ஏற்கவேண்டும். வறுமையைப் புனிதமாக்கிப் போற்றக்கூடாது. இந்த நான்கையும் கூர்ந்து பாருங்கள். செத்தபின் சொர்க்கம் கிடைக்குமா என்ற கேள்வி இதிலே இல்லை! பக்கத்து வீட்டுக்காரனை இது எப்படி நடத்தச் சொல்கிறது என்பதே கேள்வி. மறு உலகத்து வாக்குறுதியைக்கொண்டு மதத்தை அளக்கவில்லை. இந்த உலகத்து நடத்தையைக்கொண்டு அளந்தார்.

ஏற்ற பிறகேனும் ஆராய்ச்சியை நிறுத்தினாரா? அதுவும் இல்லை. அவர் மறைந்தது 1956 திசம்பர் 6. நாகபுரி நிகழ்ச்சிக்கு 53 நாட்களுக்குப் பின். 1957-இல் வெளிவந்த, புத்தரும் அவர் தம்மமும் பற்றிய அவரது நூலின் முன்னுரையிலே, பௌத்த மரபையே கேள்விக் கூண்டில் நிறுத்துகிறார். முதியவனையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்கிறார்களே, இருபத்தொன்பது வயதுவரை அவர் இவற்றைக் கண்டதே இல்லை என்பது நம்பத் தகுந்ததா என்று கேட்கிறார்! ஆன்மா இல்லை என்றால் மறுபிறப்பு எப்படி என்று கேட்கிறார். ஒரு மதத்திலே சேர்ந்த பிறகும் இப்படிக் கேட்கும் துணிவு இருந்தால்தான், சேர்ந்தது தேர்வு. இல்லையேல், ஒரு கொட்டடியிலிருந்து இன்னொரு கொட்டடிக்கு இடமாற்றம்.

தேடலுக்கு விலையும் உண்டு, தோழர்களே! 1950-இல் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய உரிமையை இந்துக்களுக்கென்று வரையறுத்தது. சீக்கியர் 1956-இல் சேர்க்கப்பட்டனர். நாகபுரியிலே அம்பேத்கரோடு நின்ற மக்களுக்கோ, பௌத்தர் என்ற பெயரோடு அந்த மத்தியப் பட்டியலிலே இடம் கிடைத்தது 1990-இல்தான். முப்பத்து நான்கு ஆண்டுகள்! தீண்டாமை அவர்களை விட்டு விலகவில்லை. தீண்டாமைக்கு ஈடாகத் தரப்பட்ட சலுகை மட்டும் விலகிற்று. மதம் மாறினாலும் மாறாத இழிவை ஊர் வைத்திருந்தது. மதம் மாறினால் மாறிவிடும் உரிமையைச் சட்டம் வைத்திருந்தது. இந்த விலையை அறிந்தும் அவர்கள் எழுந்து நின்றார்கள். எனவேதான் அந்த முடிவிற்கு மதிப்பு.

அரசியல் சட்டத்தின் 25-ஆவது விதி மனச்சான்றின் உரிமையை எல்லோர்க்கும் வழங்குகிறது. ஆயினும் 1967-இல் ஒரிசாவும், 1968-இல் மத்தியப் பிரதேசமும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்றின. மத்தியப் பிரதேசம் 2021-இல் இயற்றிய சட்டமோ, மதம் மாற விரும்புகிறவர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சித் தலைவரிடம் அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. அச்சுறுத்தியும் ஆசை காட்டியும் மதம் மாற்றுவது இழிசெயல். அதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். வெளியேறுகிறவனை நிறுத்தி, "ஏன் போகிறாய்? எவர் தூண்டினார்? எழுதிக் கொடு" என்று கேட்கும் சட்டம், உள்ளே இருப்பவனை நிறுத்தி, "ஏன் இருக்கிறாய்? அறிந்துதான் இருக்கிறாயா?" என்று என்றேனும் கேட்டதுண்டா? வற்புறுத்தலைப் பற்றிப் பேசுவோர், ஐந்து வயதுப் பிள்ளையின் நெற்றியிலே அவன் அறியாமல் ஒட்டப்பட்ட மதத்தையும் அந்தக் கணக்கிலே சேர்க்கவேண்டாமா?

"தாயைத் தேர்ந்தெடுக்க முடியுமா? மதமும் தாய்தானே!" என்று உருக்கமாக வாதிடுவார்கள். அழகான உவமை, ஆனால் உவமை உண்மையாகிவிடாது. தாய்க்கும் மகனுக்கும் உள்ளது உறவு. அதற்கு நிரூபணம் தேவையில்லை. மதமோ செய்தி கூறுகிறது: உலகம் இப்படித் தோன்றிற்று, இவன் உயர்ந்தவன், இவள் தாழ்ந்தவள், இந்த நூலை எழுதியவன் இறைவன் என்று. செய்தி என்றால் மெய்யா பொய்யா என்று பார்க்கத்தான் வேண்டும். தன் பிள்ளைகளிலே ஒருவனைத் திண்ணையிலும், ஒருவனைத் தெருவிலும், ஒருவனைச் சேரியிலும் நிறுத்திச் சோறிடும் தாயை எவரும் கண்டதில்லை!

இதுவரை மதவாதிகளை நோக்கிப் பேசினோம். இனி நம்மை நோக்கித் திரும்புவோம். அதுதான் கடினமான பகுதி.

நம்முடைய இளைஞர்களிலே சிலர், மதம் எதையும் ஆராயாமலே மதமில்லை என்கிறார்கள். தந்தையார் இயக்கத்தில் இருந்தார், எனவே நானும் நாத்திகன் என்கிறார்கள். வீட்டிலே படம் இல்லை, எனவே நெஞ்சிலே பக்தி இல்லை என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: பாட்டன் கொடுத்த பானையை மகன் தட்டாமல் வாங்கினால் மூடநம்பிக்கை, தந்தை கொடுத்த பானையை நாம் தட்டாமல் வாங்கினால் பகுத்தறிவா? மறுப்பும் மரபாகிவிட்டால், அதுவும் ஒரு மதமே. கொடி வேறு, கோயில் இல்லை; அவ்வளவுதான் வேற்றுமை.

வஞ்சியிலே மணிமேகலை கண்ட பதின்மரில் கடைசியாக நின்றவன் பூதவாதி. கண்ணால் காண்பதே மெய், கருதி உணர்வதை ஏற்கமாட்டேன் என்றவன். நம்மவன் போலத் தோன்றுகிறவன். அவனையும் அவள் விட்டுவிடவில்லை. இவர்தான் உன் தந்தை, இவள்தான் உன் தாய் என்பதைக் கண்ணால் கண்டா அறிந்தாய், கருதித்தானே அறிந்தாய் என்று மடக்குகிறாள். அவளுடைய முடிவை நாம் ஏற்கவேண்டும் என்று நான் கூறவில்லை. அந்தக் கேள்விக்கு விடையளிக்கும் ஆற்றல் நமக்கு இருக்கவேண்டும் என்கிறேன். கேள்விகள் ஆத்திகனுக்கு மட்டும் உரியவையல்ல. மறுப்பவனையும் தேடி வரும்.

நாம் போற்றும் மறுப்பாளர்கள் எப்படி மறுத்தார்கள்? இங்கர்சால் பாதிரியாரின் மகன். விவிலியத்தை வீட்டிலே கேட்டு வளர்ந்து, பக்கம் பக்கமாகப் படித்து, மோசேயின் பிழைகளை 1879-இல் நூலாக்கினார். அவர் விவிலியத்தை அறிந்த அளவு, அவரைத் திட்டிய பலர் அறிந்திருக்கவில்லை. பெர்ட்ரண்டு ரசல், உலகைப் படைக்க ஒரு மூலகாரணம் வேண்டும், அதுவே கடவுள் என்ற வாதத்தை இளமையிலே ஏற்றுத்தான் இருந்தார். பதினெட்டாம் வயதில் மில்லின் தன்வரலாற்றைப் படித்தபோது, அந்தக் கடவுளைப் படைத்தவர் யார் என்ற கேள்வியைக் கண்டார். அன்றே அந்த வாதத்தைக் கைவிட்டதாக 1927-ஆம் ஆண்டுச் சொற்பொழிவிலே கூறினார். ஏற்றிருந்ததை ஆராய்ந்து கைவிட்டவர்கள் அவர்கள். ஏற்கவும் இல்லை, ஆராயவும் இல்லை, கைவிட்டேன் என்று மட்டும் சொல்வது வீரமாகுமா?

"எல்லாமே பொய் என்று தெரிந்தபின், பத்துப் பொய்களையும் படித்துக் காலத்தை வீணாக்குவானேன்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை இது: தெரிந்தபின் படிக்கவேண்டியதில்லை, ஆனால் தெரிந்தது எப்படி? மேலும், நாம் வாழ்வது நம் போன்றோர் நடுவே மட்டுமா? நோன்பிருக்கும் நண்பனும், மாலையணியும் அண்ணனும், ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் பக்கத்து வீட்டு அம்மையாரும் நடுவேதான் வாழ்கிறோம். அவர்கள் ஏன் அதைப் பற்றி நிற்கிறார்கள் என்று அறியாமல், அவர்களிடம் என்ன பேசப்போகிறோம்? துன்பத்திலே ஆறுதல் தேடி அங்கே சென்றார்களா? சாதி இழிவிலிருந்து தப்பிச் சென்றார்களா? வெறும் பழக்கமா? காரணம் அறிந்தவனே மருந்து சொல்லலாம். நோயாளியைப் பார்த்து நகைப்பவனை எவரும் மருத்துவன் என்று அழைப்பதில்லை.

ஆகவே, படியுங்கள்! குர்ஆனின் தமிழாக்கத்தைத் திறவுங்கள், விவிலியத்தைத் திறவுங்கள், கீதையைத் திறவுங்கள், தம்மபதத்தைத் திறவுங்கள், ஆசீவகரையும் உலகாயதரையும் பற்றி எஞ்சியுள்ளதைத் தேடுங்கள். நூலோடு நின்றுவிடாதீர்கள். நூலிலே சமத்துவம் எழுதியிருக்கும். வாயிலிலே போய் நின்று, யார் உள்ளே, யார் வெளியே என்று பாருங்கள். கல்லறையிலே சுவர் எழுப்பிச் சாதியைப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெண் எந்த வரிசையிலே நிற்கிறாள் என்று பாருங்கள். கேள்வி கேட்டவனுக்கு என்ன தண்டனை என்று பாருங்கள். அதே கண்ணோடு நம் மன்றத்தையும் பாருங்கள். அங்கே கேள்வி கேட்டவனை எப்படி நடத்துகிறோம் என்று!

பார்த்தபின், ஒருவர் புத்தரிடம் செல்லலாம். ஒருவர் எங்கும் செல்லாமல் நிற்கலாம். ஒருவர் பிறந்த வீட்டுக்கே திரும்பலாம். என் முடிவு எதுவோ அதுவே உங்கள் முடிவாகவேண்டும் என்று நான் கேட்டால், நானும் ஒரு மடாதிபதியே! முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். முடிவுக்கு வந்த வழியைப் பிறர் கேட்டால் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மீண்டும் நினையுங்கள். பம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன் இன்று வளர்ந்துவிட்டான். அவன் பெயருக்கு எதிரே யாரோ எழுதிவைத்த சொல் அப்படியே இருக்கிறது. அதை அடிப்பதா, மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று அவன் முடிவு செய்யட்டும். ஆனால் எழுதுகோல் இப்போது அவன் கையிலே இருக்கவேண்டும்.

பானையைத் தட்டிப் பார்த்த மூதாட்டி படித்தவளல்லள். ஓசையைக் கேட்கக் காது இருந்தது. தட்டத் துணிவு இருந்தது. நமக்கும் அவை இரண்டும் உண்டு, தோழர்களே! தட்டுங்கள்!